ப்ரீஆம்ப் வாங்கும் முன் பவர் ஆம்பின் கையேட்டைப் புரட்டுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வீட்டு ஆடியோ பற்றி நாளிதழ்களில் வரும் கட்டுரைகளில் ஸ்பீக்கருக்கும், அதை ஓட்டும் பவர் ஆம்புக்கும் வாட், ஓம் என்று ஏதாவது ஒரு கணக்காவது இருக்கும். எந்தக் கருவியைக் கேட்பது என்று தேர்ந்து, வால்யூமைக் கட்டுப்படுத்தி, பவர் ஆம்புக்கு அனுப்பும் ப்ரீஆம்ப் என்று வந்துவிட்டால் விலையும், வெளிநாட்டுப் பெயரும், முன்பக்க அலுமினியத் தகட்டின் தடிமனும்தான் மிஞ்சுகின்றன. லட்சக்கணக்கில் கொட்டி வாங்கிய ப்ரீஆம்ப் வீட்டுக்கு வந்ததும் சோபிக்காமல் போனால், பெரும்பாலும் அந்தக் கருவியில் குறை இருக்காது. ஏற்கெனவே வீட்டில் இருக்கும் பவர் ஆம்போடு அதற்குப் பொருத்தம் இல்லை, அவ்வளவுதான். அந்தப் பொருத்தத்தைக் கடைக்குப் போகும் முன்பே ஒரு தாளில் கணக்குப் போட்டுப் பார்த்துவிட முடியும். வாசகர்களுக்கு அந்தக் கணக்கு போய்ச் சேரவேண்டும் என்பதற்காகவே இந்தக் கடிதம்.

முதலில் கெயின், அதாவது வரும் சிக்னலை எத்தனை மடங்கு பெருக்குகிறது என்பது. 1982-இல் சிடி பிளேயர் வருவதற்கு முன்பு ட்யூனர், டேப் டெக் எல்லாம் பெரும்பாலும் அரை வோல்ட்டுக்கும் குறைவாகவே கொடுத்தன. அதனால் ப்ரீஆம்ப் 10 மடங்கு, அதாவது 20 டெசிபெல், பெருக்கித் தரவேண்டியிருந்தது. சிடி பிளேயர் 2 வோல்ட்டோடு வந்தது. இன்றைய டிஏசி (டிஜிட்டல் இசையை மின் சிக்னலாக மாற்றும் கருவி) சாதாரண ஆர்சிஏ சாக்கெட்டில் 2 வோல்ட்டும், மூன்று பின் எக்ஸ்எல்ஆர் சாக்கெட்டில் 4 வோல்ட்டும் தருவது வழக்கம். எதிர்முனையில் என்ன தேவைப்படுகிறது என்று பாருங்கள். 8 ஓம் ஸ்பீக்கருக்கு 100 வாட் தரும் பவர் ஆம்ப், முழு சக்தியில் 28.3 வோல்ட் கொடுக்கும். அதன் கெயின் 26 டெசிபெல், அதாவது 20 மடங்கு என்றால், அதற்கு உள்ளே 1.4 வோல்ட் போனாலே போதும். டிஏசி நேராகக் கொடுப்பதே தேவைக்கு மேல். அப்படியிருக்க, விலை உயர்ந்த ப்ரீஆம்ப்களில் பல இன்னமும் 15 முதல் 20 டெசிபெல் கெயினோடுதான் வருகின்றன.

இதனால் என்ன கெட்டுப்போகிறது? ஒரு சாதாரண ராத்திரியை எடுத்துக்கொள்வோம். ஸ்பீக்கரின் சென்சிட்டிவிட்டி 88 டெசிபெல், அதாவது 2.83 வோல்ட் கொடுத்தால் ஒரு மீட்டர் தூரத்தில் 88 டெசிபெல் சத்தம். அக்கம்பக்கத்துக்குத் தொந்தரவு இல்லாமல் ஒரு மீட்டரில் 75 டெசிபெல் போதும் என்று வைத்தால், ஸ்பீக்கருக்குச் சராசரியாக 0.63 வோல்ட் போகவேண்டும். 20 மடங்கு பவர் ஆம்பின் உள்ளே அது 32 மில்லி வோல்ட். நன்றாகப் பதிவான கச்சேரியில் சராசரி அளவு உச்சத்தைவிட 20 டெசிபெல் கீழே இருக்கும் என்றால், 2 வோல்ட் டிஏசியிலிருந்து வருவது 0.2 வோல்ட். ஆகவே ப்ரீஆம்ப் இந்த இடத்தில் செய்யவேண்டிய வேலை 16 டெசிபெல் குறைப்பது. 20 டெசிபெல் கெயின் உள்ள ப்ரீஆம்பில் வால்யூம் கண்ட்ரோல் 36 டெசிபெல் குறைத்தாகவேண்டும். எக்ஸ்எல்ஆரில் 4 வோல்ட் வந்தால் 42. இன்றைய சினிமாப் பாட்டுகள் போல உச்சத்தை ஒட்டியே பதிவானவை என்றால் இன்னும் 12 டெசிபெல் சேர்த்து 54 வரை போய்விடும். குமிழ் கடிகார முள்ளின் 8 மணி நிலைக்கும் 9 மணி நிலைக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு கிடக்கும். சுற்றில் முக்கால்வாசி வீண்.

வீண் என்பதைவிடக் கெடுதல் ஒன்று உண்டு. ஒரே குமிழில் இரண்டு பக்கத்தையும் திருப்பும், கார்பன் தடம் போட்ட இரட்டைக் கண்ட்ரோல்களில் இடமும் வலமும் ஒன்றோடொன்று மிக மோசமாக மாறுபடும் இடம் அந்த அடிமட்டப் பகுதிதான். ஒரு பக்கம் 2, 3 டெசிபெல் கூடிவிடும். சோதித்துப் பார்க்கக் கருவி எதுவும் வேண்டாம். 1950, 60-களின் தமிழ்த் திரைப்பாடல் ஒன்றை எடுங்கள். அவை மோனோ பதிவுகள். பாடுபவரின் குரல் இரண்டு ஸ்பீக்கருக்கும் சரி நடுவில் நிற்கவேண்டும். வால்யூமை மெல்லக் குறைத்துக்கொண்டே வாருங்கள். குரல் நடுவை விட்டு ஒரு பக்கமாக நகர்ந்தால், அந்தக் கருவி எத்தனை லட்சமானாலும் ராத்திரிக் கேட்புக்கு ஆகாது. ‘ஸ்டீரியோ ரெக்கார்டிங்’ என்று மறுசீரமைத்து வெளியிட்ட பதிப்புகள் இந்தச் சோதனைக்கு உதவாது, பழைய மோனோ பதிப்பே வேண்டும்.

ஆகவே உயர்விலை ப்ரீஆம்பில் பணம் போகவேண்டிய முதல் இடம் வால்யூம் கண்ட்ரோல். ஆல்ப்ஸ் நிறுவனத்தின் நீலநிறக் கண்ட்ரோல் நல்ல தரம். ஆனால் அதன் பெயரில் போலிகள் ஏராளம். அதோடு லட்சக்கணக்கில் விலை சொல்லும் கருவியில் அதை மட்டும் எதிர்பார்ப்பது குறைந்த எதிர்பார்ப்பு. படிப்படியாகச் சொடுக்கும் ஸ்விட்ச் வகையில் இடமும் வலமும் அப்படியே ஒத்துப்போகும், ஆனால் 24 படி மட்டும் இருந்து ஒவ்வொன்றும் 2 டெசிபெல் என்றால், ஒரு படியில் சத்தம் குறைவு, அடுத்த படியில் அதிகம் என்ற எரிச்சல் தினமும் இருக்கும். ரிலேக்களை (மின்சாரத்தால் இயங்கும் ஸ்விட்ச்கள்) வைத்து மின்தடைகளை மாற்றும் வகை இன்று மிகச் சிறந்தது. 0.5 டெசிபெல் படிகளில் 256 நிலைகள் தரும் பெஞ்ச்மார்க் எல்ஏ4 இதற்கு ஒரு உதாரணம். ரிலே வகையில் பார்க்கவேண்டியது ஒன்று: பாட்டு ஓடும்போது குமிழை மெதுவாகத் திருப்பினால் சில நிலைகளில் ஸ்பீக்கரில் ‘டிக்’ என்று கேட்கிறதா? பல ரிலேக்கள் ஒரே நேரத்தில் மாறும் இடத்தில், ஒன்று முந்தி ஒன்று பிந்தி விழுந்தால் அந்தச் சத்தம் வரும். மியூசஸ் 72320 போன்ற வால்யூம் சிப்களை மட்டம் என்று ஒதுக்குபவர்கள் உண்டு. 0.25 டெசிபெல் படிகளும் இரு பக்கமும் ஒத்துப்போகும் துல்லியமும் உள்ள அந்தச் சிப்பை, சுமாரான கார்பன் கண்ட்ரோலுக்கு மேலாகவே நான் வைப்பேன்.

ஏற்கெனவே கெயின் அதிகமான ப்ரீஆம்பை வாங்கிவிட்டவர்கள் அதை விற்கத் தேவையில்லை. பவர் ஆம்பின் வாசலில் இரண்டு மின்தடைகள் போதும். சிக்னல் வழியில் தொடராக 6.8 கிலோ ஓம், அதன் பிறகு சிக்னலுக்கும் கிரவுண்டுக்கும் குறுக்கே 3.3 கிலோ ஓம். 1 சதவீத மெட்டல் ஃபிலிம், கால் வாட். பவர் ஆம்பின் உள்ளீட்டு மின்மறுப்பு (இம்பீடன்ஸ், அதாவது மாறும் சிக்னலுக்கு அது காட்டும் தடை) 47 கிலோ ஓம் என்றால் 10 டெசிபெல் குறையும். வால்வு ப்ரீஆம்புக்கு இந்தச் சுமை கனம். அதற்கு 22 கிலோ ஓம், 10 கிலோ ஓம் போட்டால் சுமார் 11 டெசிபெல் குறையும். இதை ப்ரீஆம்ப் பக்கம் வைக்காமல் பவர் ஆம்ப் பக்கமே வைக்கவேண்டும். இல்லையென்றால் நீளமான கேபிளின் கெப்பாசிட்டன்ஸ் (மின்னேற்றம் தேக்கும் தன்மை) இந்த மின்தடைகளோடு சேர்ந்து மேல்ஸ்தாயியைத் தின்றுவிடும். குறைப்பது ப்ரீஆம்புக்குப் பின்னால் என்பதால் அதன் இரைச்சலும் கூடவே 10 டெசிபெல் குறைகிறது.

அடுத்தது மின்மறுப்பு. பவர் ஆம்பின் உள்ளீட்டு மின்மறுப்பு, ப்ரீஆம்பின் வெளியீட்டு மின்மறுப்பைப் போல் குறைந்தது 10 மடங்கு இருக்கவேண்டும். டிரான்சிஸ்டர் ப்ரீஆம்ப்களில் வெளியீடு 50 முதல் 200 ஓம் வரை இருப்பதால் தலைவலி இல்லை. வால்வு ப்ரீஆம்பில்தான் வில்லங்கம். விளம்பரத் தாளில் ‘600 ஓம்’ என்று போட்டிருப்பது 1 கிலோ ஹெர்ட்ஸில் அளந்தது. வெளியீட்டில் ஒரு கெப்பாசிட்டர் இருக்கும், கீழ்ஸ்தாயியில் அதன் தடை ஏறும். 1 மைக்ரோ ஃபேரட் கெப்பாசிட்டர் 47 கிலோ ஓம் பவர் ஆம்பைப் பார்த்தால் 3.4 ஹெர்ட்ஸில்தான் 3 டெசிபெல் சரிகிறது, பிரச்சினை இல்லை. அதே ப்ரீஆம்பை 10 கிலோ ஓம் உள்ளீடு கொண்ட கிளாஸ் டி பவர் ஆம்பில் கொடுத்தால் அது 16 ஹெர்ட்ஸ். கெப்பாசிட்டர் 0.47 மைக்ரோ ஃபேரட் மட்டுமே என்றால் 34 ஹெர்ட்ஸ். பாஸ் கிட்டாரின் கடைசித் தந்தி 41 ஹெர்ட்ஸில் ஒலிக்கும். அங்கே 2 டெசிபெலுக்கு மேல் போய்விடும். ‘வால்வு என்றால் பாஸ் கொஞ்சம் மெலிவாகத்தான் இருக்கும்’ என்று கடையில் சமாதானம் சொல்வார்கள். மெலிவு வால்வில் இல்லை, பொருத்தத்தில். சப்வூஃபரையும் அதே வெளியீட்டில் இணைத்தால் சுமை இன்னும் கூடும்: 47 கிலோ ஓமும் 20 கிலோ ஓமும் சேர்ந்தால் 14 கிலோ ஓம்தான்.

கடைக்காரர் தரும் எண்ணை நம்பவேண்டியதில்லை, வீட்டிலேயே அளக்கலாம். 200 ஹெர்ட்ஸ் தொனி ஒன்றை ஓடவிட்டு, பவர் ஆம்பைக் கழற்றிவிட்டு, ப்ரீஆம்ப் வெளியீட்டில் மல்டிமீட்டர் ஏசியில் 1 வோல்ட் காட்டும்படி வைக்கவும். பிறகு வெளியீட்டின் குறுக்கே 2.2 கிலோ ஓம் மின்தடை ஒன்றை இணைக்கவும். 0.8 வோல்ட்டாக விழுந்தால்: 1-ஐ 0.8-ஆல் வகுத்து, 1 கழித்து, 2200-ஆல் பெருக்கினால் 550 ஓம். அதையே 30 ஹெர்ட்ஸ் தொனியிலும் செய்துபாருங்கள். மீட்டர் காட்டும் அளவு இன்னும் நிறைய விழுந்தால் கெப்பாசிட்டர் சிறியது. அதே மல்டிமீட்டரை டிசியில் வைத்து, தொனி இல்லாமல் ஒரு முறை பார்க்கவும். 5 மில்லி வோல்ட் டிசி இருந்து, பவர் ஆம்பும் டிசியைத் தடுக்காத வகை என்றால், ஸ்பீக்கரில் 100 மில்லி வோல்ட் நிரந்தரமாக நிற்கும்.

இரைச்சல் பற்றிய எண்ணைப் பிரித்துப் படிக்கவேண்டும். ‘சிக்னல்-இரைச்சல் விகிதம் 100 டெசிபெல்’ என்றால் எதற்கு எதிரே? 2 வோல்ட்டுக்கு எதிரே என்றால் இரைச்சல் 20 மைக்ரோ வோல்ட். 10 வோல்ட்டுக்கு எதிரே என்றால் 100 மைக்ரோ வோல்ட். 100 மைக்ரோ வோல்ட் 20 மடங்கு பெருகினால், 88 டெசிபெல் ஸ்பீக்கரில் ஒரு மீட்டரில் 25 டெசிபெல் ‘ஸ்ஸ்’. மின்விசிறியை நிறுத்திய அறையில் ஸ்பீக்கர் அருகே போனால் காதில் விழும், உட்காரும் இடத்தில் தொந்தரவு இராது. அதே ப்ரீஆம்பை 104 டெசிபெல் ஹார்ன் ஸ்பீக்கரோடு சேர்த்தால் 41 டெசிபெல். ஆலாபனையின் நடுவே வரும் அமைதியை அது விழுங்கிவிடும். ஹார்ன் வைத்திருப்பவர்கள் 10 மைக்ரோ வோல்ட்டுக்கு மேல் ஒத்துக்கொள்ளக் கூடாது.

பெருக்கமே தேவையில்லை என்றால் ப்ரீஆம்ப் எதற்கு என்ற கேள்வி நியாயமானது. ஒரே ஒரு டிஏசி, கேபிள் ஒரு மீட்டர், டிஏசியிலேயே நல்ல வால்யூம் இருக்கிறது என்றால் நேராக இணைத்துவிடலாம். ஆனால் டிஜிட்டல் வால்யூமைக் குறைக்கும்போது டிஏசியின் சொந்த இரைச்சல் குறைவதில்லை: சிக்னல்-இரைச்சல் விகிதம் 120 டெசிபெல் உள்ள டிஏசியில் 40 குறைத்தால் மிச்சம் 80. வெறும் கண்ட்ரோல் மட்டும் உள்ள பாசிவ் வகையில் கேபிள் நீளம்தான் எதிரி. 50 கிலோ ஓம் கண்ட்ரோலின் வெளியீட்டு மின்மறுப்பு நடுநிலையில் 12.5 கிலோ ஓம் வரை போகும். மீட்டருக்கு 100 பிக்கோ ஃபேரட் கேபிள் 5 மீட்டர் போட்டால் 20 கிலோ ஹெர்ட்ஸில் 2 டெசிபெல் காணாமல் போகும். 10 கிலோ ஓம் கண்ட்ரோலும் ஒன்றரை மீட்டர் கேபிளும் என்றால் கவலை இல்லை. கெயின் இல்லாத பஃபர் (பெருக்காமல் வெளியீட்டு மின்மறுப்பை மட்டும் குறைக்கும் சுற்று) ஒன்றை அதன் பின்னால் வைத்தால் நீளமும் பிரச்சினை இல்லை. அமெரிக்க ஆம்ப் வடிவமைப்பாளர் நெல்சன் பாஸ் வெளியிட்ட பி1 பஃபர் அந்த வகை, ஒரு பக்கத்துக்கு இரண்டே ஜேஃபெட் (ஒரு வகை டிரான்சிஸ்டர்). டிஏசி, டர்ன்டேபிள், டிவி என்று பல கருவிகள் இருந்து, கெயின் 0 முதல் 6 டெசிபெல் வரை போதும் என்பவர்களுக்கு இத்தகைய பஃபர் ப்ரீஆம்பே என் முதல் பரிந்துரை.

எக்ஸ்எல்ஆர் சாக்கெட் இருப்பதால் மட்டும் உள்ளே முழுவதும் பேலன்ஸ்டு (ஒரே சிக்னலை இரண்டு கம்பிகளில் எதிரெதிராகக் கொண்டுபோகும் முறை) என்று அர்த்தமில்லை. அதற்காகப் பதறவும் வேண்டாம். வெளியிலிருந்து வரும் இரைச்சலை ரத்து செய்வதற்கு 2-ஆம், 3-ஆம் பின்களின் மின்மறுப்பு சமமாக இருந்தால் போதும், இரண்டிலும் சிக்னல் இருக்கவேண்டும் என்பதில்லை. பழைய கருவிகளில் மட்டும் ஒன்றைக் கவனிக்கவும்: இன்றைய வழக்கம் 2-ஆம் பின் பாசிட்டிவ், சில பழையவற்றில் அது 3-ஆம் பின்.

இனி நம் ஊர் விஷயங்கள். ‘ஹம்’ வந்தவுடன் ப்ரீஆம்பைக் குறை சொல்லி எர்த் பின்னை உடைப்பவர்கள் இருக்கிறார்கள். அது உயிருக்கு ஆபத்து, ஒருபோதும் செய்யக்கூடாது. பவர் ஆம்பை மட்டும், உள்ளீட்டில் ஷார்ட்டிங் பிளக் (சிக்னல் முனையைக் கிரவுண்டோடு சேர்த்துவிடும் பிளக்) செருகி ஓடவிடுங்கள். அமைதி என்றால் ப்ரீஆம்பை இணையுங்கள், உள்ளீடு எதுவும் இல்லாமல். அதன் பின் ஒவ்வொரு கேபிளாகச் சேருங்கள். பெரும்பாலும் செட்-டாப் பாக்ஸின் கேபிள் டிவி கம்பியைச் செருகும்போதோ, மூன்று பின் பிளக் உள்ள கணினியைச் சேர்க்கும்போதோ அது எழும். அந்த ஒரு இணைப்பில் மட்டும் 1:1 ஆடியோ ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் போட்டால் தீரும். மின்வெட்டின்போது மட்டும் கரகரவென்று கேட்டால் ஸ்கொயர் வேவ் இன்வெர்டரைச் சந்தேகியுங்கள். ஜப்பானிலிருந்து வரும் பழைய ப்ரீஆம்ப்கள் 100 வோல்ட்டுக்குச் செய்தவை, அமெரிக்கக் கருவிகள் 120 வோல்ட். பின்பக்கம் படிக்காமல் 230 வோல்ட்டில் செருகினால் டிரான்ஸ்ஃபார்மர் அங்கேயே கருகும். 230 வோல்ட்டைக் குறைத்துத் தரும் ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வாங்கும்போது ஆட்டோ டிரான்ஸ்ஃபார்மர் வேண்டாம், இரண்டு கம்பிச்சுற்றும் தனித்தனியாக உள்ளதைக் கேளுங்கள்.

கடலோர ஊர்களில் திறந்த ஸ்விட்ச்களும் மூடாத ரிலேக்களும் சீக்கிரம் கறுக்கும். ரிலே மூடிய வகையா என்று கேட்டு வாங்கவேண்டும். மேல்மூடியின் துளை அகலமாக இருந்தால் பல்லி உள்ளே போகும். வால்வு ப்ரீஆம்பில் 250 முதல் 300 வோல்ட் ஓடும் இடத்தில் பல்லி விழுந்தால் பலகையே போய்விடும். மெல்லிய உலோக வலை ஒன்றை உள்பக்கம் பொருத்தினால் போதும். காற்றோட்டத்துக்கு மேலே 10 செ.மீ. இடம் விடவேண்டும். சில நிறுவனங்கள் எப்போதும் ஆன் செய்தே வைக்கச் சொல்கின்றன. 30 வாட் கருவி 60 நாள் ஓடினால் நம் இரண்டு மாத மின்கட்டணத்தில் 43 யூனிட் ஏறும். அரை மணி நேரம் முன்னால் போட்டுக்கொண்டால் போதும். போடும்போது ப்ரீஆம்ப் முதலில், பவர் ஆம்ப் கடைசியில். நிறுத்தும்போது தலைகீழ். இந்த வரிசையை மறந்தாலும் ‘டம்’ என்று அடிக்காமல் தடுக்கும் மியூட் ரிலே ஒரு நல்ல ப்ரீஆம்பில் கட்டாயம் இருக்கவேண்டும்.

எல்பி கேட்பவர்கள், டர்ன்டேபிளின் சிறு சிக்னலைப் பெருக்கும் ஃபோனோ பகுதியைத் தனியாகப் பாருங்கள். எம்எம் (நகரும் காந்த) கார்ட்ரிட்ஜுக்கு, அதாவது ஊசியைத் தாங்கும் பாகத்துக்கு, 47 கிலோ ஓமும் 40 டெசிபெல் கெயினும், குறைந்த வெளியீட்டு எம்சிக்கு (நகரும் சுருள்) 60 டெசிபெலும் வேண்டும். பலர் விட்டுவிடுவது கெப்பாசிட்டன்ஸ். 500 மில்லி ஹென்றி எம்எம் கார்ட்ரிட்ஜ் 200 பிக்கோ ஃபேரட்டோடு 16 கிலோ ஹெர்ட்ஸில் ஒத்ததிர்வு கொள்ளும். கேபிளும் ப்ரீஆம்பும் சேர்ந்து 400 ஆனால் அது 11 கிலோ ஹெர்ட்ஸுக்கு இறங்கும். ஜால்ரா கூர்மையாகக் குத்துவதன் காரணம் பல வீடுகளில் இதுதான்.

இரண்டு ப்ரீஆம்ப்களை ஒப்பிடுபவர்கள் சத்தத்தைச் சமப்படுத்தாமல் ஒப்பிட்டால் அது செல்லாது. அரை டெசிபெல் அதிகமானது பெரும்பாலும் ‘உயிரோட்டமாக’ கேட்கும். ஸ்பீக்கர் முனையில் 200 ஹெர்ட்ஸ் தொனிக்கு மல்டிமீட்டர் காட்டும் வோல்ட் இரண்டிலும் 1 சதவீதத்துக்குள் இருக்கட்டும். கடையின் பவர் ஆம்பில் கேட்டு முடிவெடுக்காமல், வீட்டுக்குக் கொண்டுவந்து சொந்தப் பவர் ஆம்பில் கேட்கும் வசதியை எழுத்தில் கேட்டு வாங்குவது நல்லது.

உங்கள் இதழிடம் ஒரு வேண்டுகோள். ப்ரீஆம்ப் பற்றி எழுதும்போது விலையின் பக்கத்திலேயே இந்த ஐந்தையும் அச்சிடுங்கள்: அதிகபட்சக் கெயின், 20 ஹெர்ட்ஸிலும் 1 கிலோ ஹெர்ட்ஸிலும் வெளியீட்டு மின்மறுப்பு, வெளியீட்டு இரைச்சல் மைக்ரோ வோல்ட்டில், வால்யூம் கண்ட்ரோலின் வகையும் அடிமட்டத்தில் இட-வல வேறுபாடும், பழுதுபார்க்கச் சுற்றுப்படம் தரப்படுகிறதா என்பது. எந்த எண்ணையாவது நிறுவனம் தரவில்லை என்றால், தரவில்லை என்றே போடுங்கள். வாங்குபவர் அந்தத் துண்டைக் கடைக்கு எடுத்துப்போய் மீதியைக் கேட்டுக்கொள்வார்.

இப்படிக்கு,
ஆடியோ கருவிகள் பழுதுபார்க்கும் தொழிலில் உள்ள வாசகர்,
கோயம்புத்தூர்.